சுத்தியலைக் கழற்றுங்கோ, பென்சிலை உள்ளே விடுங்கோ

முதலில் அந்தச் சுத்தியலைப் பற்றிக் கதைப்பம்.

நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து, நீதிமன்றச் செய்தி ஒன்றைத் தேடிப் பாருங்கோ. மேலே ஒரு மரச்சுத்தியல் கிடக்கும். பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்தில் கள்ள மணல் வழக்கு எண்டாலும் அதே சுத்தியல். யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனைத் தீர்ப்பு எண்டாலும் அதே சுத்தியல். எங்கட நாட்டில் எந்த நீதிபதியின் மேசையிலாவது அந்தச் சுத்தியலைக் கண்டிருக்கிறியளோ? அது அமெரிக்க நீதிமன்றத்துச் சாமான். ஹொலிவூட் படங்களுக்குள்ளால வந்து எங்கட செய்திக்குள்ள குந்தியிருக்கு. எங்கட நீதிமன்ற முறையை இங்கே கொண்டுவந்து வைத்த இங்கிலாந்திலேயே நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை.

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் எண்டு கேப்பியள். ஆத்திரம் சுத்தியலில் இல்லை. அந்தச் சுத்தியல் ஒரு உண்மையைத் தெரியாமல் ஒப்புக்கொள்கிறது: இந்தச் செய்தியைப் போட்டவரிடம், நீதிமன்றத்துக்குள் நடந்ததை எங்களுக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. காட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

எங்கட கோரிக்கை ஒண்டுதான். தமிழ்ச் செய்தி நிறுவனங்கள் முக்கியமான வழக்குகளுக்கு நிருபரோடு சேர்த்து ஒரு சித்திரக்காரரையும் அனுப்ப வேண்டும். அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். நீதிமன்றங்கள் அதற்கு எழுத்தில் ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும். கையில் பென்சிலோடு பின் வாங்கில் இருந்து, கண்டதைக் கீறி, அடியில் தன் பெயரையும் திகதியையும் போடுகிற ஒரு ஆள். உலகத்தின் பல ஊர்களில் இது ஒரு தொழில். எங்கட ஊரில் இதைப் பற்றி ஒரு பேச்சுக்கூட இல்லை.

வாசலில் நடக்கிற தீர்ப்பு

நீதிமன்றத்துக்குள் அனுமதியில்லாமல் கமரா போக முடியாது. அதனால் கமரா வாசலில் நிற்கிறது. சிறைச்சாலை பஸ் வரும். கையில் விலங்கோடு, சேர்ட்டால் முகத்தை மூடியபடி ஒருவர் இறங்குவார். எல்லா போனும் ஒரே நேரத்தில் நீளும். பஸ்ஸில் இருந்து கதவு வரைக்கும் அவர் நடக்கிற அந்த அரை நிமிடந்தான் எங்களுக்குக் கிடைக்கிற முழு வழக்கும். உள்ளே இரண்டு மணித்தியாலம் சாட்சி சொன்னவர், குறுக்கு விசாரணையில் தடுமாறிய பொலிஸ்காரர், ஒரு வரியில் வழக்கையே திருப்பிய சட்டத்தரணி, ஒருவரையும் நாங்கள் காண்பதில்லை.

குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளி என்று ஊகிக்கப்பட வேண்டும். இதைச் சொல்வது எங்கட அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை. ஆனால் விலங்கைக் கண்ட கண் 13(5) ஐ வாசிக்காது. பேஸ்புக்கில் அந்தப் படத்துக்குக் கீழே 'இவனை உடனே தூக்கில போடுங்கோ' எண்டு எழுதுறவை வழக்கிலக்கம் பார்த்தே எழுதீனம்?

புங்குடுதீவு மாணவி வழக்கை எடுங்கோ. 2015 மே மாதம் எங்கட மாகாணமே கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது. மே 20 ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதிக்குக் கல் விழுந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். உள்ளே என்ன நடக்கிறது எண்டு வெளியே நின்ற சனத்துக்குத் தெரியாது. தெரியாத இடத்தை வதந்தி நிரப்பியது. இரண்டு வருடம் கழித்து, 2017 யூன் கடைசியில் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் யாழ்ப்பாணத்தில் விசாரணையைத் தொடங்கி, செப்டெம்பர் 27 ஆம் திகதி தீர்ப்புச் சொன்னது. ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை. இரண்டு பேர் விடுதலை.

அந்தக் கடைசி வசனத்தை இன்னொருக்கா வாசியுங்கோ. வாசலில் நின்ற கமராவுக்கு ஒன்பது பேரும் ஒன்றுதான். சாட்சியங்களைப் பிரித்துப் பார்த்து, இவருக்கு எதிராக நிரூபிக்கப்பட்டது, இவருக்கு எதிராக நிரூபிக்கப்படவில்லை எண்டு வித்தியாசம் கண்டது உள்ளே நடந்த விசாரணை. எங்கட தலைமுறை கண்ட மிகப் பெரிய வழக்கு அது. அதில் எங்கட நினைவில் நிற்கிற காட்சிகள் எல்லாம் வாசல் காட்சிகள். கல், கண்ணீர்ப்புகை, பஸ், விலங்கு.

அதைவிட மோசமானது, அந்தப் பிள்ளையின் படங்கள் ஓடிய விதம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதையே தண்டனைச் சட்டக்கோவை குற்றம் என்கிறது. அவளுடைய பெயர் எல்லாருக்கும் தெரியும். இங்கே நாங்கள் எழுதவில்லை. எழுதாமல் விடலாம் எண்டு காட்டத்தான். ஒரு படத்தைப் போடாமல் விடுவதும் செய்தியாளரின் வேலைதான். வாசல் கமராவுக்கு அந்த வேலை தெரியாது. முன்னால் வந்ததை எல்லாம் விழுங்கும்.

படம் இல்லாத வாக்குமூலங்கள்

தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நீதிமன்றக் காட்சியைக் கண்ணால் கண்டிருக்கினம். கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கிற காட்சி. விரிந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, சிங்காசனத்தில் தளர்ந்த மன்னன். பாடப் புத்தகத்தில் கண்டோம், கலண்டரில் கண்டோம், பள்ளிக்கூட நாடகத்தில் கண்டோம். வழக்குரை காதையை ஒருநாளும் வாசிக்காதவருக்கும் அந்த வழக்கு தெரியும். ஏனெண்டால் திரும்பத் திரும்ப ஆரோ அதைக் கீறி வைத்திருக்கினம்.

இப்ப 1998 க்கு வாங்கோ. 1996 செப்டெம்பரில் செம்மணிச் சோதனைச் சாவடியில் ஒரு பள்ளி மாணவி தடுத்து நிறுத்தப்பட்டாள். அவளும், அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் நடந்தது. 1998 யூலை 3 ஆம் திகதி தீர்ப்பு. தண்டனை பெற்றவர்களில் ஒருவரான இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ கூண்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கு, இடத்தைக் காட்டுவேன் எண்டு.

அதுவரை காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. அதைத்தான் அன்றைக்குக் கூண்டில் நின்ற சிப்பாய் சொன்னார். 1999 இல் அகழ்ந்தார்கள், 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள், பிறகு மூடினார்கள். 2025 இல் அதே செம்மணிப் பக்கம், அரியாலைச் சிந்துபாத்தி மயானத்தில், கட்டட வேலைக்குக் கிண்டின இடத்தில் எலும்புகள் வெளிவந்தன. ஒரு சிறுபிள்ளையின் எலும்புக்கூட்டோடு ஒரு நீலப் பள்ளிப் பையும் பொம்மையும் கிடந்தன. அந்தப் பையை உலகம் பார்த்தது. படம் இருந்ததால் பார்த்தது. குழிக்குப் பக்கத்தில் நின்ற செய்தியாளர்களின் உழைப்பு அது.

ஆனால் அந்தக் குழியைப் பற்றி முதன்முதலில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட அந்த நேரத்தை நீங்கள் கண்டிருக்கிறியளோ? சிப்பாய் ஆரைப் பார்த்துப் பேசினார்? நீதிபதிகள் எழுதிக்கொண்டிருந்தார்களோ, நிமிர்ந்து பார்த்தார்களோ? எழுத்தில் செய்தி இருக்கு. படமாக எங்கட கண்ணுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பாண்டியன் அவையைக் கண்ட எங்களுக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது தெரியாது.

வடமராட்சிக்காரருக்கு இன்னொரு உதாரணம். தங்கத்துரையும் குட்டிமணியும் 1982, 83 இல் கொழும்பில் எதிரிக்கூண்டில் நின்று பேசியதை எங்கட தாத்தாமார் இன்றைக்கும் வரி வரியாகச் சொல்லுவினம். 1983 யூலை 25 இல் வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு பேரும் கொல்லப்பட்டார்கள். அவர்களின் அரசியல் எங்களுக்கு உடன்பாடோ இல்லையோ, அது வேற கதை. ஒரு வழக்கு ஒரு சமூகத்தின் நினைவாக மாறுகிற விதத்தைப் பாருங்கோ. பேச்சு நூலாக வந்தது. பேசிய இடமும், கேட்டவர்களின் முகமும், சுற்றி நின்ற காவலும் போய்விட்டது. எங்களிடம் மிஞ்சியவை அடையாள அட்டைப் படம் மாதிரியான சில முகங்கள்.

2009 இல் இராணுவத்திடம் கையளித்த தங்கட ஆட்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்ட பெண்கள் வருடக்கணக்காகத் தவணைக்குத் தவணை போனார்கள். அவர்களையும் நாங்கள் வீதியோரத்தில் படத்தைப் பிடித்தபடிதான் கண்டிருக்கிறம். சாட்சிக்கூண்டில் ஏறி நின்று, அரச சட்டத்தரணியின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன பெண்ணாகக் கண்டதில்லை. அழுகிற பெண் எண்டால் கமராவுக்கு விருப்பம். வாதாடுகிற பெண்ணைக் காட்ட உள்ளே ஒருவர் இருக்க வேண்டும்.

கமராவை ஏன் வெளியே விட்டார்கள்?

கமராவை உள்ளே விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தடைக்கு ஒரு வரலாறு இருக்கு.

1910 இல் லண்டனில் டொக்டர் கிரிப்பென் என்பவரின் கொலை வழக்கு. கூண்டில் நின்ற அவரைக் களவாகப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். இப்படியான படங்கள் கூடக்கூட, 1925 இல் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றத்துக்குள் வெளியீட்டுக்காகப் படம் எடுப்பது மட்டுமல்ல, கீறுவதும் குற்றம். அப்ப லண்டன் சித்திரக்காரர்கள் என்ன செய்கினம்? உள்ளே இருந்து பார்ப்பினம். ஆர் எங்கே இருந்தது, என்ன நிறக் கழுத்துப்பட்டி, கை எங்கே எண்டு சொற்களில் குறிப்பு எடுப்பினம். பிறகு வெளியே வந்து, பத்திரிகையாளர் அறையில் இருந்து, நினைவில் இருந்து விறுவிறெண்டு கீறுவினம். ஒரு நூற்றாண்டாக இந்தத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. 2022 முதல் அங்கே தண்டனை அறிவிக்கிற நீதிபதியை மட்டும் வீடியோ எடுக்க விடுகிறார்கள். எதிரியையும் சாட்சியையும் இன்றைக்கும் எடுக்க முடியாது. சித்திரக்காரருக்கு இன்னும் வேலை இருக்கு.

அமெரிக்காவில் 1935 இல் லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தல் வழக்கு. சின்ன ஊர் நீதிமன்றம், உள்ளேயும் வெளியேயும் கமராப் பட்டாளம், பெரிய சேர்க்கஸ். 1937 இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் நீதிமன்றத்துக்குள் படம்பிடிப்பதற்கு எதிராக விதி செய்தது. 1946 இல் சமஷ்டி நீதிமன்றங்களின் குற்றவியல் விதிகளில் தடை வந்தது. அந்தத் தடை திறந்த இடைவெளியில்தான் அமெரிக்க நீதிமன்றச் சித்திரக்காரர்கள் வளர்ந்தார்கள். அங்கே உள்ளேயே இருந்து கீறலாம். 2023 ஏப்ரலில் டொனால்ட் ட்ரம்ப் மன்ஹற்றன் நீதிமன்றத்தில் நின்றபோது ஜேன் ரோசன்பேர்க் கீறிய படம் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் அட்டைக்கே போனது. உலகத்திலேயே கூடப் படம் எடுக்கப்பட்ட மனிதர்களில் ஒருவர் அவர். அவருடைய அந்த நாளைச் சொல்ல ஒரு சோக்குக் கட்டி தேவைப்பட்டது.

கமராத் தடை இருக்கிற இடத்தில் பென்சில் போகிறது. எங்கட நாட்டில் தடை மட்டும் வந்தது. பென்சில் வரவில்லை.

'எழுதலாம், கீறக் கூடாது'

போன வருடம் எங்களில் மூன்று பேர் இந்த மாவட்டத்தில் ஒரு நீதிமன்றத்துக்குப் போனோம். அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரையின்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும், பொதுமக்கள் போய் இருக்கலாம். குடும்ப வழக்கு, பாலியல் வழக்கு, தேசிய பாதுகாப்பு மாதிரியான சிலவற்றுக்கு மட்டும் நீதிபதி சனத்தை வெளியே அனுப்பலாம். நாங்கள் போனது சாதாரண வழக்குகள் நடக்கிற ஒரு காலை. போனை நிறுத்தினோம். பின் வாங்கில் இருந்தோம். ஒருத்தி கொப்பியைத் திறந்து நாலு கோடு கீறினாள்.

காவலுக்கு நின்றவர் வந்தார். "தங்கச்சி, என்ன கீறுறீர்? கொப்பியை மூடும்."

"எழுதலாமோ, சேர்?"

"எழுதலாம். கீறக் கூடாது."

"எங்க, சேர், அப்பிடி எழுதியிருக்கு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

அவரில் எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவருக்கு ஒரு தாளும் கொடுக்கவில்லை. கேள்வி வராத இடத்தில் விதியும் தெளிவாக இருக்காது. இதுவரை ஒரு செய்தி நிறுவனமும் இந்தக் கேள்வியோடு அந்த வாசலுக்குப் போகவில்லை. கொப்பியை மூடினோம். மதியம் வரைக்கும் பார்த்தோம். பிறகு பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்து, லண்டன்காரர் மாதிரி, நினைவில் இருந்து கீறினோம்.

மூன்று பேரும் தனித்தனியாகக் கீறினது. மூன்றிலும் ஒரே விஷயம் வந்திருந்தது. கூண்டில் நின்ற பெடியன் காதைக் கையால் குவித்துப் பிடித்திருக்கிறான். மேலே பழைய காற்றாடி கடகடவெண்டு சுத்துது. நீதவானும் சட்டத்தரணிகளும் மேசைக்குக் கிட்ட நின்று கதைக்கினம். தன்னுடைய வழக்கில் என்ன சொல்லீனம் எண்டு அவனுக்கே கேட்கவில்லை. அடுத்த தவணை எப்ப எண்டு பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் கேட்கிறான். கதவடியில் அவனுடைய தாய், அவளுக்கும் கேட்கவில்லை.

இது ஒரு செய்தி. 'வழக்கு ஒத்திவைப்பு' எண்டு ஒரு வரியில் போகிற செய்திக்குள் இருக்கிற உண்மையான செய்தி. தமிழில் நடக்கிற நீதிமன்றத்தில், தமிழ்ப் பெடியனுக்குத் தன் வழக்கு கேட்கவில்லை. சுத்தியல் படம் இதைச் சொல்லுமோ? வாசல் வீடியோ சொல்லுமோ? மூன்று பென்சில் சொன்னது.

மறுத்துக் கேட்பவர்களுக்கு

முதல் மறுப்பு: கீறுவது கற்பனை, கமராதான் உண்மை. சரி, வாசல் படத்தைப் பாருங்கோ. எந்தக் கணத்தில் அழுத்துவது எண்டு ஆரோ தீர்மானிக்கினம். குனிந்த தலையோ நிமிர்ந்த தலையோ எண்டு ஆரோ தெரிவு செய்யினம். அந்த ஆளின் பெயர் படத்துக்குக் கீழே இருக்காது, இன்னொரு தளத்தின் முத்திரைதான் இருக்கும். கீறின படத்தில் கீறினவரின் கை தெரியும், பெயரும் இருக்கும். பிழை எண்டால் கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கு. 2015 இல் அதே ஜேன் ரோசன்பேர்க் ரொம் பிரேடி எண்ட விளையாட்டு வீரரைக் கீறின படத்தை உலகமே பகிடி பண்ணியது. அவர் பதில் சொன்னார். அடுத்த விசாரணைக்குப் போய்த் திரும்பவும் கீறினார். சுத்தியல் படத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?

இரண்டாவது: நேரடி ஒளிபரப்பு வந்தால் இது எதற்கு? இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இல் அதற்கு ஒப்புதல் கொடுத்து, 2022 செப்டெம்பரில் அரசியலமைப்பு அமர்வுகளை நேரடியாகக் காட்டத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் அங்கே சாட்சிகள் இல்லை; சட்டத்தரணிகள் நீதிபதிகளிடம் வாதாடுகிறார்கள். விசாரணை நீதிமன்றம் வேற. எங்கட ஊரில் சாட்சியும் எதிரியும் ஒரே கோயில் வீதியில் இருப்பினம். இராணுவத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறவரின் வீட்டுக்கு அண்டைக்கு இரவே ஆரும் போகலாம். அவரின் முகத்தை யூரியூப்பில் ஏற்றுவது அவருக்குச் செய்கிற துரோகம். பென்சிலுக்கு ஒரு முகத்தை வெறுமையாக விடத் தெரியும். தோளை, கையை, நிற்கிற விதத்தைக் கீறி, முகத்தை விடலாம். அந்த விட்ட இடமே அவருடைய பயத்தைச் சொல்லும்.

மூன்றாவது, இந்தக் காலத்துக்கான மறுப்பு: செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் பத்து வினாடியில் கீறித் தருமே. தருது, பாக்கிறம்தானே. வெள்ளை முடி மாட்டிய நீதிபதி, இந்தியப் பொலிஸ் தொப்பி, எந்த நாட்டிலும் இல்லாத ஒரு கூண்டு. இப்ப சில பக்கங்கள் உண்மையான வழக்குகளுக்கு, உண்மையான பெயர்களோடு, இப்படிச் செய்த படங்களைப் போடத் தொடங்கியிருக்கினம். அழகு குறைவு எண்டதை விடுங்கோ. அது அங்கே இருக்கவில்லை. நடக்காத ஒரு காட்சியை நடந்த வழக்கின் மேல் ஒட்டுவது பொய். நாளைக்கு உண்மையான படம் ஒன்று வந்தாலும் சனம் நம்பாது. அதுதான் பெரிய நட்டம்.

நாலாவது: காசு. உள்ளூர்த் தளத்தில் இருந்து லண்டன், ரொறன்ரோவில் இருந்து நடத்துகிற தளங்கள் வரைக்கும் இதே பதில். வாசலில் நிற்க ஒரு வீடியோக்காரருக்கு, வானில் பறக்கிற ட்ரோனுக்கு, கோயில் திருவிழா நேரலைக்குக் காசு இருக்கு. ஒரு வழக்குத் தவணைக்கு ஒரு சித்திரக்காரரின் நாட்கூலியும் பஸ் காசும் கொடுக்க முடியாதோ? எல்லா வழக்குக்கும் கேட்கவில்லை. மனிதப் புதைகுழி, காணாமல் ஆக்கப்பட்டோர், காவலில் நடந்த மரணம், காணி, பெரிய ஊழல். இந்த ஐந்தோடு தொடங்குங்கோ.

கை இருக்கு, கதவுதான் இல்லை

கீற ஆள் இல்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 'சிரித்திரன்' சுந்தர் நெல்லியடிக்குப் பக்கத்துக் கரவெட்டியில் பிறந்தவர். பம்பாய் போய்க் கட்டடக்கலை படித்து, கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்து, 1963 இல் 'சிரித்திரன்' தொடங்கினார். அவருடைய சவாரித்தம்பரைப் பார்த்தவர்கள் தங்கட ஊரில் அந்த மனிசனைக் கண்டுபிடித்தார்கள். பார்த்துப் பார்த்துக் கீறினால்தான் அப்படி வரும். பிரான்சில் ஒனோரே தோமியே சின்ன வயதில் நீதிமன்ற அலுவலர் ஒருவரிடம் எடுபிடி வேலை செய்தவர். பிறகு அவர் கீறிய சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் 150 வருடம் தாண்டியும் கண்ணுக்கு முன்னால் நிற்கினம். 1832 இல் அரசனைக் கீறினதற்கு மறியலுக்கும் போனவர்.

யாழ்ப்பாணத்தில் கோட்டை ஆதாரமாக மாற்றிக் காட்டியவர்களும் இருக்கினம். ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட தோம்பு நூல், இடம்பெயர்ந்தவர்கள் தங்கட இழந்த வீடுகளை நினைவில் இருந்து கீறிய வரைபடங்களால் ஆனது. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே எண்டு. உறுதி இல்லாத வீட்டுக்கு அந்தக் கோடுகள்தான் உறுதி. நினைவில் இருந்து கீறினால் நம்பலாமோ எண்டு கேட்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்க்கட்டும்.

பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்ன செய்யினம்? ஆசிரியர் நியமனத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கினம். இடையில் கலியாண மண்டப அலங்காரம், சுவர் ஓவியம், பிள்ளைகளுக்கு ரியூசன். வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனித உருவத்தை ஐந்து நிமிடத்தில் பிடிக்கத் தெரிந்த கைகள் இவை. அந்தக் கைக்கு இந்தச் சமூகத்தில் ஒரு பொது வேலை இருக்கு எண்டு ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே செய்தி ஆசிரியர்களுக்கு: சுத்தியல், விலங்கு, செயற்கைப் படம், மூன்றையும் நிறுத்துங்கோ. படம் இல்லாவிட்டால் எழுத்தோடு மட்டும் செய்தியைப் போடுங்கோ, நாங்கள் வாசிப்பம். சட்டத்தரணிகள் சங்கங்களுக்கு: நீங்கள் ஒரு விண்ணப்பம் வைத்தால் நீதிமன்றம் காது கொடுக்கும். உள்ளே கீற முடியுமெண்டால் எந்த வாங்கில் இருந்து, ஆரைக் கீறக் கூடாது எண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. உள்ளே முடியாதெண்டால், வெளியே வந்து நினைவில் இருந்து கீறி வெளியிடுவதற்குத் தடையில்லை என்பதையாவது எழுத்தில் வாங்கித் தாங்கோ.

கீறப் போகிற எங்களுக்கும் சட்டதிட்டம் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கீறுவதில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை, அவர் உயிரோடு இல்லாவிட்டாலும், கீறுவதில்லை. சாட்சி சம்மதிக்காவிட்டால் முகம் இல்லை. எதிரி விடுதலையானால், அந்த நாளையும் அதே அளவில் கீறி அதே இடத்தில் போட வேண்டும். ஒவ்வொரு படத்திலும் நீதிமன்றம், திகதி, கீறினவர் பெயர். இந்த ஐந்து விதிக்கும் கையெழுத்து வைக்க எங்களில் மூன்று பேர் ஆயத்தம்.

செம்மணி வழக்கு நடக்கிற காலத்தில் நாங்கள் உயிரோடு இருக்கிறம். 1998 இல் கூண்டில் ஒரு சிப்பாய் சொன்னதற்குப் படம் இல்லை எண்டு இப்ப நாங்கள் புலம்புறம். 2050 இல் ஒரு பிள்ளை இதே கேள்வியை எங்களைப் பார்த்துக் கேட்கும். அடுத்த தவணைத் திகதி வந்ததும் எங்களுக்குச் சொல்லுங்கோ, எந்தத் தளம் எண்டாலும் பரவாயில்லை. நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு 750 பஸ் காலமையே ஓடுது. பென்சில் எங்களிட்ட இருக்கு.